ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் சும்மா உட்கார வராது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டாலும் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் இருக்கும் அக்கா என் முழங்காலை அழுத்திப் பிடிப்பாள். அவள் எனக்கு நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. அக்கா சின்ன வகுப்புகளுக்கு, நான் பெரிய வகுப்புகளுக்கு அறிவியல். பள்ளிக்கூடம் இருந்தது குருவிகுளம் போகிற வழியில் ஒரு கிராமத்தில். வீடு சங்கரன்கோவிலில். காலையில் அந்தப் பக்கம் போக ஒரே ஒரு பஸ்தான். அது வந்தால் நிற்காது, நின்றால் இடம் இருக்காது. பஸ் வருகிற வரைக்கும் நான் ரோட்டுக்கும் கடைவாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். அக்கா குடையை ஊன்றிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பாள்.

இந்தப் பாடு தீர்ந்தது ஒரு வேன் வந்த பிறகு. பள்ளிக்கூடம் இருந்த கிராமத்தைச் சேர்ந்த ஒருவர், மானாவாரி நிலமும் ஆட்டுக்கிடையும் வைத்திருந்தவர், பாதி ஆட்டை விற்று ராஜபாளையத்தில் பழைய வேன் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அண்ணாச்சி என்று நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். காலையில் ஊர்ச் சாமான்களோடு சங்கரன்கோவிலுக்கு வருவார். திரும்புகையில் நாலைந்து புண்ணாக்கு மூட்டை தவிர வண்டி காலி. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்தான் அவரிடம் பேசி, மாதம் பிறந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்பாடு செய்தார். தேரடிப் பக்கம் வேன் நிற்கும். நாங்கள் ஏறிக்கொள்வோம்.

அந்த வேன் சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டி. வாடகைக்கு ஆள் ஏற்ற அதற்குப் பெர்மிட் கிடையாது. அண்ணாச்சியிடம் இருந்ததும் சொந்த வண்டி ஓட்டுகிற லைசென்ஸ்தான். வாடகை வண்டி ஓட்ட வேண்டுமென்றால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் வாங்க வேண்டும். அது அவரிடம் இல்லை. ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேர் என்று ஆர்.சி. புக்கில் எழுதியிருந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர் ஏறுவோம். அது போதாதென்று காலடியில் புண்ணாக்கு மூட்டைகள். பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வார்கள். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது எங்கள் சேலைகளில் கடலைப் புண்ணாக்கு வாசம் அடிக்கும். நான் எப்போதும் பின்கதவு ஓரம். அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை, கயிற்றால் கட்டியிருக்கும். இடுக்கு வழியாக ரோடு பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு போவதில் எனக்கு ஒரு நிம்மதி.

கணக்கு வாத்தியார் ஆரம்பத்திலேயே எங்களுக்குப் பாடம் சொல்லி வைத்திருந்தார்.

“யாராவது மறிச்சுக் கேட்டா, துட்டு குடுக்கோம்னு மட்டும் வாயத் தொறந்திராதிய. தெரிஞ்ச மனுசன், போற வழியில ஏத்திக்கிட்டு வாராரு. அம்புட்டுத்தான்.”

எல்லாரும் தலையாட்டினோம். அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“ஏக்கா, மறிச்சா நீ என்ன சொல்லுவ?”

“மறிக்கும்போது பாத்துக்கிடலாம்ட்டி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறித்தது ஒரு திங்கட்கிழமை. கண்மாய்க்கரைத் திருப்பம் தாண்டியதும் வேலமரத்து நிழலில் ஒரு ஜீப் நின்றது. காக்கிச் சட்டை போட்டவர் கையைக் காட்டினார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர்.

“பிரேக் இன்ஸ்பெக்டரு” என்றார் அண்ணாச்சி. எங்கள் பக்கத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரை அப்படித்தான் சொல்வார்கள். சொல்லும்போதே அண்ணாச்சியின் குரல் இறங்கிப் போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் பின்கதவுக் கயிற்றைப் பார்த்தார். அவிழ்க்கச் சொன்னார். நாங்கள் ஒவ்வொருவராக இறங்க இறங்க அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார். எண்ணி முடித்து உள்ளே எட்டிப் பார்த்து மூட்டைகளைக் கண்டார். பிறகு யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். காக்கி கால்சட்டையோடு மண்ணில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

“இங்கன வாரும் வே. ஸ்பிரிங் பட்ட எப்பிடிக் கெடக்கு பாரும். வளைஞ்சு நிக்க வேண்டியது, பலகையாட்டம் கெடக்கு. இவ்வளவு பாரம் தாங்குற வண்டியா இது?”

அண்ணாச்சி குனிந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

“ஆளு ஏத்துற வண்டியா, மூட்ட ஏத்துற வண்டியா? ஏதாவது ஒண்ணச் சொல்லும்.”

“எல்லாம் தெரிஞ்சவங்க சார். வாத்தியாருமாரு. போற வழியில ஏத்திக்கிட்டு வாரேன்.”

இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். முதலில் கணக்கு வாத்தியார். “துட்டு குடுக்கியளா?” “ஐயோ, இல்ல சார். ஒரு உதவிக்கு.” அடுத்தவரும் அப்படியே. அதற்கு அடுத்தவரும். என்னிடம் வந்தார். எனக்குப் பள்ளிக்கூட மணி காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. “லேட்டாகுது சார்” என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லைதான். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடம் போனார்.

அக்கா வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் குடையை ஊன்றி நிமிர்ந்துவிட்டாள்.

“குடுக்கோம் சார். மாசாமாசம் குடுக்கோம்.”

இன்ஸ்பெக்டரே அதை எதிர்பார்க்கவில்லை. “டீச்சர், யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

“யோசிச்சுதான் சார் சொல்லுதேன். அண்ணாச்சியா எங்களக் கூப்பிடல. நாங்கதான் கேட்டு ஏறுனோம்.”

போலீஸ்காரர் அண்ணாச்சி பக்கத்தில் ஏறி உட்கார, வேன் திரும்பி சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குப் போனது. அண்ணாச்சி எங்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நாங்கள் பன்னிரண்டு பேரும் வெயிலில் ரோட்டில் நின்றோம்.

“‘இல்ல’ன்னு ஒரு வார்த்த. சொன்னா வாயில புண்ணா வந்திரும்?” என்றார் கணக்கு வாத்தியார். அக்கா குடையை விரித்தாள். நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பருத்திப் பொதி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. கை காட்டினதும் நின்றது. எல்லாரும் ஏறினார்கள். நானும் சக்கரத்தில் ஒரு காலை வைத்துவிட்டேன். திரும்பினால் அக்கா ரோட்டோரத்தில் நிற்கிறாள்.

“வாக்கா.”

“சரக்கு வண்டியில ஆளு ஏறலாமா? இப்பம்தான அந்த மனுசன் அவ்வளவு பேசிட்டுப் போறாரு. ஏட்டி, நீ ஏறிப் போ. நான் நடந்து வாரேன்.”

லாரிக்காரர் ஹாரனை அடித்தார். காலைக் கீழே இறக்கினேன். லாரி போய்விட்டது. அதன் பிறகு அவ்வளவு தூரமும் அவளுக்கு முன்னால் நான் வேகவேகமாக நடந்தேன். நின்று பார்ப்பேன், அவள் வருவாள், மறுபடி நடப்பேன். அவளோடு சேர்ந்து நடக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அரை நாள் லீவு போட்டுவிட்டார்கள்.

மறுபடியும் பஸ். இப்போது பன்னிரண்டு பேரும் அதே பஸ்ஸில். ஆனால் அக்காவோடு ஒருத்தரும் பேசுவதில்லை. ஆசிரியர் அறையில் அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். என்னோடு பேசினார்கள், அக்காவைப் பற்றிப் பேசினார்கள், நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். வீட்டுக்கு வந்தால் அந்த ஆத்திரத்தையெல்லாம் அவளிடமே கொட்டுவேன்.

“இன்னைக்குப் பஸ்ல எத்தன பேரு பாத்தியா? படியில தொங்குதான், கூரையில உக்காந்து வாரான். அத எவன் மறிக்கான்? எவன் குனிஞ்சு ஸ்பிரிங்கு பாக்கான்?”

“அதையும் என்கிட்ட கேட்டா உள்ளதச் சொல்லுவேன்.”

“ஒன்கிட்ட யாரு கேக்கா!”

அவள் திடமாக இருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கொல்லையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தூக்குச்சட்டியை எடுத்து மறுபடியும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கழுவிக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே எடுத்தாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் அண்ணாச்சி நிற்கிறார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அம்மா காப்பி கொண்டுவந்தாள், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“கோர்ட்டுல அபராதம் கட்டி வண்டிய வெளிய எடுத்துட்டேன். பெர்மிட்டு இல்லாம இனி ஓட்டுனா வண்டியே போயிரும்னு சொல்லிட்டான். பெர்மிட்டு எங்க வாங்க, யாரப் போயிப் பாக்க, எனக்கு ஒண்ணும் தெரியல. பாதி ஆடு அந்த வண்டியிலதான் கெடக்கு. உங்களாலதான டீச்சர் இந்தக் கதி? நீங்களே வந்து வாங்கிக் குடுங்க.”

அவர் கெஞ்சவில்லை. கோபமாகத்தான் சொன்னார். அக்கா நிமிர்ந்து, “வாரேன் அண்ணாச்சி” என்றாள். அவள் தனியாகப் போக முடியாது என்பதால் நானும் போக வேண்டியதாயிற்று.

திருநெல்வேலியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ். போகிற நாளெல்லாம் லீவு போட்டுவிட்டுப் போனோம். அங்கே ஒரு நீள பெஞ்சு. அதில் அக்கா உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் அசையமாட்டாள். அண்ணாச்சி மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டு நிற்பார். நான் அந்த வராந்தாவை அளந்துகொண்டிருப்பேன். ஒரு அறையில் கேட்டால் அடுத்த அறை என்பார்கள். அடுத்த அறைக்காரர் சாப்பிடப் போயிருப்பார். நான் எரிந்து விழுவேன். அக்கா மட்டும் போகிற இடத்திலெல்லாம் அதே குரலில் முதலிலிருந்து சொல்வாள்: “சார், வண்டிய வாடகைக்கு மாத்தணும். அவருக்கு பேட்ஜ் வேணும்.” கடைசியில் அலுத்துப்போய் அவர்களே செய்துகொடுக்க ஆரம்பித்தார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பேட்ஜுக்கு முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிப் பார்க்க வந்தவர் எங்களை மறித்த அதே இன்ஸ்பெக்டர். அண்ணாச்சி நன்றாக ஓட்டினார், ஆனால் திரும்பும்போது கையைக் காட்டவில்லை. நிறுத்தும்போதும் காட்டவில்லை. அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் அவரை இறங்கிப் போகச் சொல்லிவிட்டார்.

“எங்க ஊரு ரோட்டுல யாருக்கு சார் கையக் காட்ட? ஆடுதான் நிக்கும்” என்று அண்ணாச்சி அவரிடமே கேட்டாராம்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் நாற்காலி போட்டு அண்ணாச்சியை உட்கார வைத்தேன். கையில் ஸ்டியரிங்குக்குப் பதிலாக அவர் வீட்டில் அரிசி புடைக்கிற சுளகு. நான் பின்னால் நின்று, “வலது!” என்றால் அவர் கையை நேராக நீட்ட வேண்டும். “இடது!” என்றால் நீட்டிய கையைச் சுற்ற வேண்டும். “நிப்பாட்டு!” என்றால் கையை மேலே தூக்க வேண்டும். விளையாட வந்த பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்துத் தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே, “அண்ணாச்சி, எடது!” என்று கத்த ஆரம்பித்தார்கள். அண்ணாச்சிக்கு வெட்கம். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேன் பிடிபட்ட பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த தடவை பேட்ஜ் கிடைத்தது. பெர்மிட்டும் வந்தது. அண்ணாச்சி ஸ்பிரிங் பட்டையை மாற்றி, பின்கதவுக்குப் பூட்டு வைத்து, உள்ளே தகரத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்தார்: ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேர்.

அங்கேதான் அடுத்த சண்டை ஆரம்பித்தது. நாங்கள் பன்னிரண்டு பேர், இடம் எட்டு. தேரடியில் வேனுக்கு முன்னால் நின்றே பேச்சு நடந்தது.

“நாலு பேரு எறங்கித்தான் ஆகணும். சட்டம் பேசுனவங்க மொதல்ல எறங்கட்டும்” என்றார் கணக்கு வாத்தியார்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. “சார், அப்பிடிச் சொல்லாதிய. இந்தப் பெர்மிட்டுக்கு அந்த ஆபீசுல நாள்பூரா உக்காந்து கெடந்தது யாரு? டீச்சர் ஏறலன்னா நான் வண்டிய எடுக்க மாட்டேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் அக்கா. “சண்ட போட்டு ஏறுனா எனக்கு அதுல உக்கார முடியாது. தங்கச்சிக்கு ஒரு எடம் குடுங்க. அவளுக்குத்தான் பஸ்ஸுக்குக் காத்து நிக்க முடியாது.” சொல்லிவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். மீதி மூன்று பேரும் முணுமுணுத்துக்கொண்டே அவள் பின்னால் போனார்கள்.

வேனில் எனக்கென்று முழுசாக ஓர் இடம். யார் தோளும் இடிக்கவில்லை, புண்ணாக்கு வாசமில்லை, வண்டி தொட்டிலாட்டம் போனது. எனக்கு அதில்தான் இருப்புக் கொள்ளவில்லை. பாதி வழியில் பஸ்ஸைத் தாண்டுவோம். தாண்டும் முன் அண்ணாச்சி ஒழுங்காகக் கையை நீட்டிக் காட்டுவார். அந்த நேரத்தில் பஸ்ஸுக்குள் அக்கா எங்கே நிற்கிறாள் என்று தேடுவேன். சில நாள் படிக்குப் பக்கத்தில் தெரிவாள். சில நாள் தெரியமாட்டாள். தெரியாத நாளில் பள்ளிக்கூடத்துக்கு அவள் வந்து சேரும்வரை எனக்கு வகுப்பே ஓடாது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

சிவகிரியில் ஒரு நர்ஸம்மா, மாற்றலாகிப் போவதால் தன் மொபெட்டை விற்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். யாரிடமும் கேட்காமல் போய் வாங்கிவிட்டேன். வேனில் ஏற்றிக்கொண்டு வரலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, “ஆளு வண்டியில சாமான் ஏத்தக் கூடாது டீச்சர், பெர்மிட்டு போயிரும்” என்று கையை விரித்துவிட்டார். கடைசியில் அது பஸ் கூரையில் ஏறி சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தது. பொம்பளைப்பிள்ளை வண்டி ஓட்டப் போகிறாளாமே என்று கோயிலில் எல்லாரும் அம்மாவிடம் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள்.

பழகுநர் லைசென்ஸ் வாங்கி, ஓட்டப் பழகி, முன்னால் சிவப்பில் ‘எல்’ எழுதிய அட்டையையும் கட்டிவிட்டேன். முதல் நாள் காலையில் வண்டியைக் கிளப்பி, “ஏறுக்கா” என்றேன்.

அக்கா அட்டையைப் பார்த்தாள். “பழகுற லைசென்சுல பின்னால ஆளு ஏத்தலாமா?”

“ஒரு பயலும் கேக்க மாட்டான்.”

“ஏத்தலாமா, கூடாதா?”

“கூடாது” என்றேன்.

அவள் பஸ்ஸில் போனாள். பஸ்ஸுக்குப் பின்னாலேயே அதன் புழுதியைத் தின்றுகொண்டு நான் மொபெட்டில் போனேன். முழு லைசென்ஸ் வாங்குகிற வரைக்கும் இதுதான். ஓட்டிக் காட்டப் போன அன்றும் அதே இன்ஸ்பெக்டர். என்னை உற்றுப் பார்த்தார்.

“நீங்க லேட்டாகுதுன்னு சொன்ன டீச்சர்லா?”

“ஆமா சார்.”

“உங்க அக்கா எப்பிடி வாராங்க?”

“பஸ்ல. நீங்க லைசென்ஸ் குடுத்தாத்தான் என் பின்னால ஏறுவாங்களாம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அதற்காக விட்டுவிடவில்லை. எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார். நான் அவசரத்தில் காலை ஊன்றிவிட்டேன். மறுபடி போடச் சொன்னார். “மெதுவாப் போங்க டீச்சர். யாரு உங்கள வெரட்டுதா?” என்றார். வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். இரண்டாவது தடவை ஊன்றாமல் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை அக்கா பின்னால் ஏறினாள். ஒரு பக்கமாக உட்கார்ந்து ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் குடை, மடியில் இரண்டு பேர் தூக்குச்சட்டியும். ஊரே பார்த்தது. ஊர் எல்லை தாண்டி ஒரு மேடு வரும். ஒருத்தியாக இருந்தால் வண்டி முக்கிக்கொண்டு ஏறிவிடும். இரண்டு பேரோடு பாதி மேட்டில் இரைந்துகொண்டு நின்றுவிட்டது. அக்கா இறங்கினாள். நான் பெடலை மிதித்து மேலே போய் நின்றேன். அவள் மூச்சு வாங்க நடந்து வந்து ஏறிக்கொண்டாள்.

“அதுவும் எவ்வளவுதான் தாங்கும், பாவம்” என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அவள் இறங்கி நடக்கும் நேரத்தில் நான் மேலே வண்டியை நிறுத்திக் காத்திருப்பேன். ஆச்சரியம், அந்தக் காத்திருப்பு மட்டும் எனக்குக் கசக்கவில்லை. சில நாள் அண்ணாச்சியின் வேன் எங்களைத் தாண்டும். அவர் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போவார். உள்ளே கணக்கு வாத்தியார் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருப்பார்.

ஒன்றரை வருடம் கழித்து அக்காவுக்கு ராயகிரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே பள்ளிக்கூட வாசலிலேயே பஸ் நிற்கும். அவளுக்கு அது நல்லதுதான். அண்ணாச்சி அதற்குள் இன்னொரு வேனும் வாங்கி, அதற்கும் முறையாகப் பெர்மிட் எடுத்திருந்தார். பேட்ஜ் இல்லாத ஒருத்தனையும் அவர் வேலைக்குச் சேர்க்கவில்லை.

அவள் போன மறுநாள் தனியாகக் கிளம்பினேன். மேட்டில் வண்டி இரையவில்லை, திணறவில்லை, நான் பெடலைத் தொடக்கூட இல்லை. மேலே போனதும் பழக்கத்தில் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். ரோட்டில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் எஞ்சினை அணைக்காமல் அப்படியே நின்றேன். பிறகு நேரமாகிவிட்டதென்று கிளம்பினேன்.